கொடைக்கானல் வீட்டு வரி எங்கே போகிறது?

கொடைக்கானல் நகராட்சிக்குள் சொந்த வீடு வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டு முறை சொத்து வரி கட்டுகிறார். ஏப்ரலில் தொடங்குவது ஓர் அரையாண்டு, அக்டோபரில் தொடங்குவது மற்றொன்று. முதல் மாதத்துக்குள் கட்டிவிட்டால் ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதற்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். நிலுவை வைத்தால் மாதம் ஒரு விழுக்காடு அபராத வட்டி ஏறும். வாங்கும் விதிகளில் இவ்வளவு துல்லியம் இருக்கிறது. வாங்கிய பணம் எந்த வழியில் செலவாகிறது என்பது மட்டும் கட்டுபவருக்குத் தெரிவதில்லை. மூஞ்சிக்கல்லிலும் நாயுடுபுரத்திலும் ஆனந்தகிரித் தெருக்களிலும் "வரி கட்டுறோமே, எங்க தெருவுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பவர்கள் நியாயமான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்கு விடை தேடினால் ஒரு மலையூரின் நிதி நிலைமை முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வீடு கட்டிக்கொண்ட இடம் இது. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். 1899-இல் நகராட்சி வந்தது. இன்று அதன் பரப்பு 21.45 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 24. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்போர் 36,501 பேர். சுற்றிலும் காடு. 2013-இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சமவெளி நகராட்சி புறநகர் வளர வளரப் புதிய வரிதாரர்களைச் சேர்த்துக்கொள்ளும். இங்கே ஊர் அகலமாகவும் வளர முடியாது, உயரமாகவும் வளரக் கூடாது. வரி தரக்கூடிய கட்டடங்களின் எண்ணிக்கைக்கு இயற்கையே ஓர் எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் வாழ்கிற சில ஆயிரம் குடும்பங்களின் பணத்தைத்தான் நாம் பின்தொடரப் போகிறோம்.

வரி எப்படி விதிக்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெருவின் மதிப்பு, கட்டடத்தின் பரப்பு, வகை, வயது, பயன்பாடு ஆகியவற்றை வைத்து ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை வரியாக எடுக்கிறார்கள். சென்னைக்கு வெளியே இருந்த நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு இந்த மதிப்பு திருத்தப்படவில்லை. 2018-இல் உயர்த்திய வரியும் அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு 2022 ஏப்ரல் 1 முதல் ஒரேயடியாக உயர்வு. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு. வணிகக் கட்டடங்களுக்கும் 100. ஆண்டுதோறும் வரி உயர்வதற்கான விதியும் சேர்ந்துகொண்டது.

பதினான்கு ஆண்டு தூக்கத்துக்குப் பிறகு வந்த உயர்வு கட்டுபவருக்கு அதிர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. கலிபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. அங்கே அது மக்கள் வாக்களித்து எடுத்த முடிவு. இங்கே எந்த வாக்கெடுப்பும் இல்லாமலே வரி உறைந்து கிடந்தது. உறைந்திருந்த ஆண்டுகளில் சம்பளமும் டீசல் விலையும் மின்கட்டணமும் உறைந்திருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நகராட்சிகள் மாநில அரசின் கையை எதிர்பார்த்து நிற்கப் பழகின.

இனி பணத்தின் வழி. தமிழக நகராட்சிகளின் கணக்கில் மூன்று நிதிகள் உண்டு. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்து வரியைப் பொதுச் செலவுக்கானது, குடிநீர் வடிகாலுக்கானது, விளக்குக்கானது என்று பிரித்துப் பார்த்தது. கல்வி வரி தனிச் சட்டத்தின் வழியே சேர்ந்தது. 2023 ஏப்ரலில் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மூன்று நிதி என்ற பார்வை வரி கட்டுபவருக்கு இன்னும் பயனுள்ள திறவுகோல். குடிநீருக்கென்று எடுத்த பணம் குடிநீருக்கே போக வேண்டும், பள்ளிக்கென்று எடுத்தது பள்ளிக்கே போக வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவினையின் நோக்கம்.

முதல் நிதியே பெரியது. அதில் சம்பளமும் ஓய்வூதியப் பங்களிப்பும் முதலில் போகும். துப்புரவு, தெருவிளக்கு மின்கட்டணம், வாகன எரிபொருள், சிறு பழுதுகள் எல்லாம் அதற்குப் பிறகு. வீட்டு உரிமையாளர் கேட்கும் புதுச் சாலை இந்த வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறது. வரிப்பணத்தால் என்ன கட்டினார்கள் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வரிப்பணம் அநேகமாக எதையும் கட்டுவதில்லை. ஊரை அன்றாடம் நடத்துகிறது. காலை ஐந்தரை மணிக் குளிரில் ஏழுரோட்டில் துடைப்பத்தோடு நிற்கும் தொழிலாளியின் கூலி அதில்தான் இருக்கிறது. அவருக்குக் கையுறையும் கம்பளிச் சட்டையும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதும் வரிதாரர் கேட்க வேண்டிய கேள்விதான். தன் தெருவுக்குப் புதுக் கான்கிரீட் வந்ததா என்பதைவிட அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

குப்பையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமவெளியில் ஒரு டன் குப்பையை அகற்ற ஆகும் செலவும் மலையில் ஆகும் செலவும் ஒன்றல்ல. வீடுகள் சரிவில் சிதறிக் கிடக்கின்றன. வண்டி ஏறாத சந்துகள் நிறைய. மழையில் நனைந்த குப்பையின் எடையும் கூடிவிடும். சேகரித்ததைக் கொண்டுபோகும் இடம் பிரகாசபுரம். அதன் கீழே டைகர் சோலை. மழைக்காலத்தில் குப்பை மேடு சரிந்து சோலைக்கும் ஓடைக்கும் இறங்குவதாகப் பல ஆண்டுகளாகப் புகார்கள் எழுந்திருக்கின்றன. இதற்கெனத் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் என்று சொத்து வரியோடு தனியாகவும் வசூலிக்கிறார்கள். ஆனால் அந்த மேட்டில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல்களில் பெரும்பகுதி நாயுடுபுரத்து வீடுகளில் காலியானவை அல்ல, சுற்றுலாப் பயணிகள் விட்டுப்போனவை. 2024-இல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் போத்தல்களுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டி வந்ததே இதற்குச் சாட்சி.

குடிநீர் நிதியின் கதையும் எளிதல்ல. அப்சர்வேட்டரி அருகிலுள்ள பழைய நீர்த்தேக்கம், மனோரஞ்சிதம் அணை, குண்டாறு ஆகியவை ஊருக்குத் தண்ணீர் தருகின்றன. மழை கொட்டும் மலையில் கோடை வந்தால் பல தெருக்களுக்கு நாள் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் தண்ணீர் வருகிறது. அதே நாட்களில்தான் சுற்றுலா சீசன் உச்சத்தில் இருக்கும், விடுதிகளுக்குத் தண்ணீர் லாரிகள் ஓடும். சரிவான ஊரில் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் மோட்டார்களின் மின்செலவு இந்த நிதியைத் தின்கிறது. வடிகால் என்ற இரண்டாம் பாதி இன்னும் பின்தங்கியிருக்கிறது. ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற குறை தலைமுறை கடந்த ஒன்று. ஏரியின் மிகுநீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுந்து கீழே போகிறது. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்காரர்களின் குடிநீர். மலையில் செலவிடாமல் விட்ட வடிகால் பணத்தின் விளைவு சமவெளிக்காரரின் குடத்தில் தெரியும் என்பதற்கு இந்த நீர்வழிகளே போதும்.

மூன்றாவது, கல்வி. அமெரிக்க மிஷனரிகள் எந்த நாட்டிலிருந்து வந்தார்களோ அந்த நாட்டில் வீட்டுச் சொத்து வரியின் மிகப் பெரிய துண்டு உள்ளூர் அரசுப் பள்ளிக்குப் போகிறது. அங்கே வீடு வாங்குபவர் முதலில் அந்தப் பகுதிப் பள்ளி எப்படி என்று விசாரிப்பது அதனால்தான். பணக்காரப் பகுதிக்கு நல்ல பள்ளி, ஏழைப் பகுதிக்கு மோசமான பள்ளி என்ற அநீதியும் அதிலிருந்தே பிறந்தது. கொடைக்கானலின் பெயரை உலகுக்குச் சொல்லும் பள்ளி 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அதற்கும் நகராட்சியின் கல்வி நிதிக்கும் தொடர்பில்லை. வீட்டு வரியின் கல்விப் பங்கு நகராட்சிப் பள்ளிகளின் கட்டடத்துக்கும் கழிப்பறைக்கும் பராமரிப்புக்கும் உரியது. அந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைகள், விடுதியில் அறை துடைப்பவரின் பிள்ளைகள், மேல்மலைக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். இந்த நிதியில் மிச்சம் வைத்திருக்கும் நகராட்சியைச் சிக்கனமான நகராட்சி என்று பாராட்ட எனக்கு மனம் வராது.

இதோடு நூலக வரி. 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்கு இன்று 10 காசு அதன்படி நூலகத்துக்கு உரியது. அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய். இது நகராட்சியின் பணமே அல்ல. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு மட்டுமே நகராட்சியுடையது. உள்ளாட்சிகள் நூலகப் பங்கை உரிய காலத்தில் அனுப்புவதில்லை என்பது தமிழகம் முழுக்க நூலகத் துறையினர் சொல்லும் குறை. புத்தகம் வாங்கப் பணமில்லை என்று நூலகர் கைவிரிக்கும்போது, அந்தப் பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் எதிரே நிற்கிறார்.

சரி, கண்ணில் தெரியும் பெரிய வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மானியங்களிலிருந்து. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காட்டை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. நகராட்சிகளின் மின்கட்டண, குடிநீர் வாரிய நிலுவைகளை அந்தப் பங்கில் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதும் வழக்கம். மத்திய நிதி ஆணைய மானியம் வேறு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதி ஆணையம் தந்ததில் அறுபது விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அந்த மானியத்தைப் பெற வேண்டுமானால் சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் கூட்டிக்காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 2022 உயர்வின் பின்னணி இதுதான். நகர்மன்றம் தீர்மானம் போட்டது. உயர்வின் அளவைத் தீர்மானித்தது அரசாணை.

அப்படியானால் வீட்டுக்காரரின் பணத்துக்கு மொத்தத்தில் பெரிய பங்கில்லையே என்று தோன்றலாம். பங்கு சிறிது, ஆனால் எதற்குச் செலவிடுவது என்று உள்ளூர் மன்றம் தானாக முடிவெடுக்கக்கூடிய பணம் சொந்த வரி வருவாயிலிருந்துதான் வரும். மானியம் தலைப்போடு வருகிறது, தலைப்பை மாற்ற முடியாது. இந்தியாவில் சொத்து வரி நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. வளர்ந்த நாடுகளில் அது பல மடங்கு. 1992-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளை நகராட்சிகளுக்குச் சுட்டிக்காட்டியது. பணி பட்டியலில் ஏறியது, பணம் ஏறவில்லை.

கொடைக்கானலின் தனிச் சிக்கல் சுற்றுலாவில் இருக்கிறது. வருகிறவர் கொடுக்கும் பணம் பல பைகளில் விழுகிறது. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வாகன நுழைவுக் கட்டணம் நகராட்சிக்கு. கோக்கர்ஸ் வாக் கட்டணமும் நகராட்சிக்கு. ஏரியில் படகு விடுவதில் நகராட்சியும் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் இருக்கின்றன. பிரையன்ட் பூங்காச் சீட்டு தோட்டக்கலைத் துறைக்கு. தூண் பாறை, குணா குகை, பேரிஜம் ஆகியவை வனத்துறையுடையவை. விடுதி அறைக்கான சரக்கு சேவை வரி சென்னைக்கும் தில்லிக்கும். ஆனால் வந்தவர் போட்ட குப்பையும் அவர் பயன்படுத்திய கழிப்பறையும் அவர் காரால் நெரிசலான தெருவும் நகராட்சியின் தலையில். என் கணிப்பில் கொடைக்கானல் வீட்டு உரிமையாளரின் வரி, சுற்றுலாத் தொழிலுக்கு அவர் அறியாமலே தரும் உதவித்தொகையாகவும் ஆகிவிட்டது.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025-இல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. நெரிசலை அளக்க அது உதவும், நகராட்சியின் பெட்டியை நிரப்பாது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணியிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கியது. அது கூட்டத்தைக் குறைத்ததா என்பது அங்கேயே விவாதம். தங்காமல் வந்து போகிறவரும் ஊரின் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற கொள்கை மட்டும் சரியானது. இங்கும் வனத்துறை, தோட்டக்கலைத் துறை வசூலிப்பதில் ஒரு பங்கை குப்பைக்கும் கழிவுநீருக்கும் என்று நகராட்சிக்கு ஒதுக்கினால் அது சலுகை ஆகாது, செலவு செய்தவருக்குச் சேரும் ஈடு ஆகும்.

வருவாய் கசியும் இடம் ஊருக்குள்ளும் இருக்கிறது. குடியிருப்பு என்று வரிக்குப் பதிந்துகொண்டு காட்டேஜ் நடத்தும் வீடுகள். வீட்டுக்கான விகிதம் வேறு, வணிகத்துக்கான விகிதம் வேறு. அறை வாடகை வணிக விகிதத்திலும் வரி வீட்டு விகிதத்திலும் இருந்தால், வித்தியாசத்தைக் கட்டுவது உண்மையிலேயே குடியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். விதிமீறிய கட்டடங்கள் இன்னொரு வகை. 1993-இன் மலைவாழிடக் கட்டட விதிகள் உயரத்துக்கு வரம்பு வைத்தன. பிளசன்ட் ஸ்டே விடுதி அந்த வரம்பை மீறி ஏழு தளம் எழுப்பியதும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடுத்ததும், விலக்கு அளித்த அரசாணை நீதிமன்றத்தில் விழுந்ததும், அந்த விலக்கு தொடர்பான வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2000 பிப்ரவரியில் தண்டிக்கப்பட்டு 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டதும் தமிழகம் அறிந்தவை. பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. சொத்து வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. அனுமதியில்லாக் கட்டடத்துக்கு நகராட்சி வரி வாங்கினாலும் அது அனுமதி பெற்றதாக மாறாது.

எல்லைக்கு வெளியே இன்னொரு கணக்கு ஓடுகிறது. வில்பட்டி ஊராட்சியிலும் பெருமாள்மலைப் பக்கமும் விடுதிகள் பெருகியிருக்கின்றன. அங்கே வரி 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, விகிதமும் குறைவு. விருந்தினர் ஊராட்சியில் தூங்குகிறார், நகராட்சியில் நடமாடுகிறார். 1990-இல் உருவான மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் கட்டட அனுமதியைக் கவனிக்கும், வரிப் பகிர்வைக் கவனிக்காது. மலை முழுமைக்கும் குப்பைக்கும் கழிவுநீருக்கும் ஒரே ஏற்பாடு இல்லாமல் நகராட்சி மட்டும் சீராக முடியாது.

விலக்குகளைப் பற்றி ஒரு சொல். வழிபாட்டு இடங்களுக்கு வரி இல்லை. குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கும் சலேத் மாதா கோயிலுக்கும் அது பொருந்தும். மத்திய அரசின் சொத்தை அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு காக்கிறது. சேவைக் கட்டணம் மட்டும் தரலாம். இவற்றில் எனக்கு மனக்குறை இல்லை. ஆண்டில் பதினைந்து நாள் திறக்கும் பெரிய பங்களாக்கள்தான் கவலை. உரிமையாளர் வரி கட்டுகிறார், ஆனால் வாக்கு வேறு ஊரில் இருக்கிறது. நகர்மன்றத்தை அவர் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கும் வாடகைக் குடித்தனக்காரர் பெயரில் ரசீது இல்லை, வீட்டு வாடகைக்குள் வரியைச் சேர்த்து அவரே கட்டினாலும்.

2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழக நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஐந்து ஆண்டுக்கு மேலாக மக்கள் வரி கட்டினார்கள், அதைக் கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. 2022-இல் மன்றம் வந்தது. அதே ஆண்டு வார்டுக் குழு, பகுதி சபை விதிகளும் வந்தன. நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் நகர்ப்புறங்களில் முதல் பகுதி சபைகள் கூடின. கிராம சபைக்கு இருக்கும் மரியாதை இன்னும் அவற்றுக்கு வரவில்லை; வருவதும் வராததும் போகிறவர்களைப் பொறுத்தது.

கொடைக்கானலின் 24 வார்டுகளிலும் வீடு வைத்திருப்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் பகுதி சபையில் தெருவிளக்குக் குறையைச் சொன்ன கையோடு கணக்கையும் கேட்க வேண்டும். எங்கள் வார்டில் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு? மூன்று நிதிகளிலும் கடந்த ஆண்டு வந்ததும் போனதும் என்ன? நூலகப் பங்கு அனுப்பப்பட்டதா? காட்டேஜ்களில் எத்தனை வணிக விகிதத்தில் இருக்கின்றன? வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கித் திரும்ப வேண்டாம், எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருடைய கடமை.